உன் மூன்று சக்கர வண்டிக்குப் போட்ட கட்டி டயர்

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் பஞ்சர் ஒட்டும் புது சொல்யூஷன் டப்பா ஒன்றைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் அந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. எதிரில் ஒருவர் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டுப் போடக் காத்து நின்றார். நான் டப்பாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று அவர் கேட்ட பிறகுதான் கை அசைந்தது.

வண்டியில் முதல்முதலாக என் கடைக்கு நீ வந்த அன்று இதே நெடியை நெஞ்சு நிறைய இழுத்தாய். "ஆஸ்பத்திரி வாடைக்கு இது எம்புட்டோ தேவலைலே மாப்ளே" என்றாய். நீ போய் இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது. உன்னிடம் பேசி முடிக்காத பேச்சு கொஞ்சம் என்னிடம் கிடக்கிறது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஆமத்தூரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். பள்ளிக்கூடம் முடிந்ததும் தெருவில் எல்லாரையும் போல நீ பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாய். எனக்கு இளைப்பு இருந்ததால் வெடிமருந்து வாடை ஆகாது என்று வீட்டில் விடவில்லை. மெயின் ரோட்டில் பஞ்சர் கடை போட்டேன். மாரீஸ்வரியை நீ கல்யாணம் முடித்த பிறகு இரண்டு பேரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்பி வருவீர்கள். சாயங்காலம் என் கடை முன்னால் இறங்கும்போது இரண்டு பேர் கையும் வெள்ளி பூசியது போல மருந்துப்பொடியில் மினுங்கும். தங்கச்சி என்னைப் பார்த்து, "அண்ணே, இந்தக் கையோட ஒரு டீ வாங்கித் தரச் சொல்லுங்க உங்க மாப்பிள்ளைய" என்று சிரிப்பாள்.

விபத்து நடந்த அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாய். அவளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். லீவு போடுகிறேன் என்றிருக்கிறாள். சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, போர்மேன் ஏசுவார் என்று நீதான் எழுப்பிக் கூட்டிப் போனாய். மதியத்துக்கு முன்னால் அவளுக்கு மாத்திரை கேட்டு வாங்கிவர வாட்ச்மேன் அறைக்குப் போனாய். திரும்பி வரும் வழியில் அவள் இருந்த அறை வெடித்தது. எல்லாரும் வெளியே ஓடும்போது நீ உள்ளே ஓடினாய். சுவர் உன் கால்கள் மேல் சாய்ந்தது. இடுப்புவரை வெந்துபோனது. மாரீஸ்வரி அந்த அறையிலேயே போய்விட்டாள்.

"மாத்தரை கைலயே இருந்துச்சுலே. ஆஸ்பத்திரில நர்ஸம்மாதான் வெரலப் பிரிச்சு எடுத்துச்சாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் மிதந்த டியூபைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் அந்த டியூபை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

இரண்டு காலையும் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடுப்பில் வெந்த இடத்துக்கு முதுகுத் தோலை எடுத்து வைத்துத் தைத்தார்கள். மாதக்கணக்கில் கிடந்து வீட்டுக்கு வந்தாய். அதன் பிறகு கலெக்டர் ஆபீஸ் முகாமில் அந்த மூன்று சக்கர வண்டி கிடைத்தது. முன்னால் கையால் சுற்றும் மிதி, பின்னால் இரண்டு சக்கரம், நடுவில் பலகை ஆசனம். வண்டி புதிதாக இருந்ததே தவிர, டயரும் டியூபும் மட்டரகம். நம் ஊர்ப் பாதையோ வேலிக்கருவை முள்ளால் ஆனது. வாரம் தவறாமல் பஞ்சராகி வருவாய். நான் சக்கரத்தைக் கழற்றுவேன், டியூபை உருவி, காற்றடித்து, தொட்டியில் முக்குவேன். குமிழி வரும் இடத்தில் குச்சியைச் செருகி அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுப் போடுவேன். நீ பார்த்துக்கொண்டே இருப்பாய்.

"எனக்கும் இப்படித்தான் ஒட்டுப் போட்டு விட்டுருக்காக. உன் ஒட்டாவது காத்தத் தாங்குது" என்று ஒருநாள் சொன்னாய். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தோம்.

அப்புறம்தான் அந்தக் காற்றுப் போகிற கதை தொடங்கியது. முந்தின நாள் கல்லுப் போல அடித்து அனுப்பிய சக்கரம் காலையில் சப்பென்று கிடக்கும். பக்கத்து வீட்டுப் பையன்கள் யாராவது உன்னை வண்டியோடு தள்ளிக்கொண்டு வருவார்கள். டியூபைத் தொட்டியில் முக்கினால் ஒரு குமிழியும் வராது. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. வால்வை மாற்றினேன். டியூபையே மாற்றினேன். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடியும் இறங்கியிருக்கும். என் தொழில் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் சாத்தூர்ப் பக்கம் ஒரு வேலைக்குப் போகவேண்டியிருந்தது. கடை திறக்க மாட்டோமே, நீ வந்து நிற்பாயே என்று வெளுக்கிற நேரத்தில் பம்பை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். சந்துக்குள் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. புஸ்ஸென்று மெதுவாகக் காற்று இறங்கும் சத்தம். உன் அம்மா வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வால்வுத் திருகைத் தளர்த்திவிட்டு, சத்தம் பெரிதாகக் கேட்காமல் சேலை முந்தானையை அதன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னத்தே செய்யிறீக?" என்றேன்.

அத்தை பதறவில்லை. உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதய்யா. இப்பத்தான் கண்ணசந்து கெடக்கான்" என்றார். காற்று முழுதும் இறங்கிய பிறகு திருகை இறுக்கிவிட்டு, என் கையைப் பிடித்துச் சந்து முனைக்குக் கூட்டிப்போனார்.

"வண்டி வந்த புதுசுல ஒரு நா விடியக்காலம் ஆளக் காணும். தேடிப் போறேன். நம்ம தெக்காட்டுக் கெணறு இருக்குல்ல, சுவரில்லாத கெணறு, அங்கன நிக்கிறான். முன்சக்கரம் விளிம்புல இருக்கு. நான் கூப்பிடல. கூப்பிட்டா என்ன ஆகுமோன்னு பின்னால போயி வண்டிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். அவனும் ஒண்ணும் பேசல, நானும் ஒண்ணும் பேசல. இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அன்னையிலருந்து எனக்குத் தோணுறப்பல்லாம் காத்தப் புடுங்கி விட்டுர்றேன். காத்தில்லாட்டி அவனால அம்புட்டுத் தூரம் சுத்திக்கிட்டுப் போக முடியாதுல்ல?"

அத்தை என் கையை விடவில்லை. "அவங்கிட்டச் சொல்லிராத. நீ பாட்டுக்கு அடிச்சுக் குடு. நான் பாட்டுக்குப் புடுங்குறேன்" என்றார்.

அப்படியே நடந்தது. பல மாதம். ஓட்டை இல்லாத டியூபை உன் கண் முன்னால் தண்ணீரில் முக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "முள்ளு எங்கன குத்துச்சுன்னே தெரியலையேலே" என்பேன். நீ "நல்லாப் பாரு" என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் உனக்கு அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனியில் வேலை கிடைத்தது. திருத்தங்கல் போகும் வழியில், உட்கார்ந்தே செய்கிற வேலை. நீ வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்ததை நான் கவனித்தேன். ஆனால் காற்றுப் போய்ப் போய் நேரம் தப்பியது. ஒருநாள் நண்பகலில் வேலைக்குப் போகாமல் கடைக்கு வந்தாய்.

"மாப்ளே, காத்தே அடிக்க வேண்டாத டயரு ஒண்ணு இருக்காமே. முழுக்க ரப்பராவே இருக்குமாமே. அதப் போட்டு விடு. இனிமே லேட்டா வந்தா வர வேண்டாம்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

எனக்குத் தெரியும், கட்டி டயர் என்பார்கள். மதுரையில் சொல்லிவைத்தால் வரும். "அதெல்லாம் வண்டிய ஒதறி எடுத்துரும்லே. பஸ்ஸுல போற மாதிரி இருக்காது. மாட்டவும் செரமம்" என்றேன். "சரி, சொல்லி வைக்கிறேன்" என்றேன். சொல்லி வைக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டாய். ஸ்டாக் இல்லையாம் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

அப்போது நீ வண்டியைக் கடை நிழலுக்குள் முழுசாக உருட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "எங்கம்மாதான் காத்தப் புடுங்குதுன்னு எனக்குத் தெரியும்லே."

நான் நிமிரவில்லை. கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிவிட்டபடி இருந்தேன்.

"மொத நாள்லருந்தே தெரியும். அந்தச் சத்தம் வெளிய கேக்காதுன்னு அது நெனைக்குது. செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்துருக்கிற எனக்குக் கேக்காதா? கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். அது எந்திரிச்சு அடுப்படிக்குப் போனப்புறந்தான் பொரண்டு படுப்பேன்."

"தெரிஞ்சும் ஏன்லே ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா அது மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டுபோயி வச்சுக்கும்?"

நான் அப்போதுதான் உன்னைப் பார்த்துக் கேட்டேன். "டயரப் போட்டுர்றேன். கெணத்துப் பக்கம் போக மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

நீ கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாய். பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று சிவகாசியிலிருந்து விருதுநகர்ப் பக்கம் போனது. "சொல்ல மாட்டேன். அன்னைக்கு நான் அதுக்குத்தான் போனேன், இல்லேங்கல. இன்னைக்கு அந்த நெனப்பு இல்ல. நாளைக்கு வராதுன்னு எனக்கே தெரியாதப்ப உனக்கு எப்படிச் சொல்ல? ஆனா ஒண்ணு. காலைல எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் வேணும்லே. அதையும் இந்தக் காத்து புடுங்குது."

அன்றைக்கே மதுரைக்குச் சொல்லிவிட்டேன்.

டயர் வந்த அன்று அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டயரை இளகுவதற்காகச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். அத்தை ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். வந்ததும் நேராகச் சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போடாதய்யா. நீயுமா இப்படிச் செய்யிற? ஒம் புள்ளைக்கின்னா செய்வியா?"

நீ ஸ்டூலில் இருந்தாய். அத்தையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாய். "யம்மா, நான் தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னத்தக் கேட்ட?"

"நீ காத்தப் புடுங்குறத. முந்தானைய வச்சு அமுக்குனா கேக்காதாக்கும்?"

அத்தையின் முகம் என்னவோ ஆகிவிட்டது. கோபம் வரும், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. வெகுநேரம் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கேட்டுக்கிட்டா கெடந்த?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா. நீ செய்யிறது எனக்காகத்தான்னு கெடந்தேன். மாரிய அன்னைக்கு நான் பிடிவாதமாக் கெளப்பிக் கூட்டிட்டுப் போனேம்மா. வர மாட்டேன்னவளக் கூட்டிட்டுப் போனேன். நீ என்னையப் போவ விடாம ஒக்கார வைக்கிற. அவளுக்கு நான் செஞ்சது ஒண்ணு, எனக்கு நீ செய்யிறது ஒண்ணு. ரெண்டுலயும் கேக்க வேண்டியவகளக் கேக்கல."

சுடுதண்ணீரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. "தண்ணி ஆறிரும்" என்றேன். அத்தை சக்கரத்தை மடியிலிருந்து இறக்கி எனக்கு முன்னால் வைத்தார்.

கட்டி டயரை ஒருத்தனாக மாட்ட முடியாது. ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் எகிறி வெளியே வரும். சோப்புத் தண்ணீர் போட்டு, கயிற்றால் கட்டி, நெம்பிக் கம்பியைக் கொடுத்து நான் இழுக்கும்போது எதிர்ப்பக்கம் எகிறாமல் பிடித்துக்கொண்டது அத்தைதான். ரப்பரின் சூட்டில் அவர் உள்ளங்கை சிவந்துவிட்டது. விடவில்லை. மூன்று சக்கரமும் முடிந்ததும் எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து நீ நேரத்துக்குப் போனாய். உன் வண்டிக்குப் பின்னால், சற்று இடைவெளி விட்டு, அத்தை மெயின் ரோடுவரை நடந்து வருவார். நீ திருத்தங்கல் பக்கம் திரும்பும்வரை என் கடைக்கு எதிரில் நிற்பார். நீ திரும்பிப் பார்க்க மாட்டாய். அவர் நிற்கிறார் என்று உனக்குத் தெரியும். சில மாதம் போனதும் அவர் வருவது நின்றது. என் பயம் நிற்கவில்லை மாப்ளே. உன் வண்டி கடையைத் தாண்டுகிறவரை எந்த வேலையிலும் என் கை ஓடாது. நீ கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாய். அப்புறம்தான் டீ இறங்கும்.

இரண்டு வருசத்துக்கும் மேலாக அப்படிப் போனாய். கம்பெனியில் உன்னைச் சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். போனஸ் வாங்கி அத்தைக்குச் சேலை எடுத்தாய். தீபாவளி அன்று மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாய். மறுநாள் மறுபடியும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாய். கிணறு அங்கேயேதான் இருந்தது. நீ அதைத் தாண்டி எத்தனையோ முறை போய் வந்திருப்பாய்.

அந்த டயர் ஒவ்வொரு கல்லையும் உன் உடம்புக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "ஒதறுதாலே?" என்று கேட்பேன். "ஒதறத்தான் செய்யும். வண்டின்னா ஒதறாதா?" என்பாய். இடுப்பில் தோல் வைத்துத் தைத்த இடம் பலகையில் உராய்ந்து உடைந்திருக்கிறது. அதில் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாய். ரத்தம் பட்ட துணியை அத்தைக்குத் தெரியாமல் நீயே அலசியிருக்கிறாய். புண் வாடையை வேர்வை வாடை என்றிருக்கிறாய். காய்ச்சல் கண்டு கண் சொருகிய பிறகுதான் சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். ஆம்புலன்சில் உன்னை ஏற்றும்போது அத்தை பார்த்தது உன் முகத்தை இல்லை. வாசலில் நின்ற அந்த வண்டியை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, ரொம்ப நாளாகப் புண்ணை விட்டுவிட்டார்கள் என்றார். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மதியம் உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன்லே மறச்ச?"

"சொன்னா நீ டயரக் களட்டிருவ."

"களட்டாம? காத்து டயரப் போட்டுட்டு, தெனமும் நானே வந்து அடிச்சு விட்டுருப்பேனே."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "அது சரிதான். எனக்கு அது தோணலை" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "அம்மாவத் திட்டாத. விடியக்காலம் வண்டிப் பக்கத்துல குத்தவச்சு ஒக்காந்தே அதுக்கு முட்டி போச்சு. ஒரு தைலம் வாங்கிக் குடு" என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

தைலம் வாங்கிக் கொடுத்தேன். அத்தை பல நாள் அதைத் திறக்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. வண்டியைப் பழைய சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். நானும் அந்தச் சந்துக்குள் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும் எதைப் பேச? டயர் போட்டது நான். பிடித்துக்கொண்டது அவர். கேட்டது நீ.

போன சீசனில் சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் விபத்து. உங்கள் வழியில் தூரத்துச் சொந்தத்துப் பெண் ஒருத்திக்குக் கால் போய்விட்டது. கல்யாணமாகாத பிள்ளை. அத்தை ஒருநாள் சாயங்காலம் அவராகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் பேசினார்.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன். டயர மாத்திக் குடு. காத்து டயரே போடு. ஒக்காருற எடத்துக்கு மெத்தை வச்சுத் தச்சுரு."

போட்டேன். நல்ல டியூபாக, நல்ல டயராக. அந்தப் பெண்ணின் அம்மா ஆட்டோ பிடித்து வந்திருந்தார். அவர் கண் அந்தப் பிள்ளையை விட்டு ஒரு நொடியும் நகரவில்லை. பிள்ளை எங்கே பார்க்கிறதோ அங்கே அவரும் பார்த்தார். அத்தைக்கு அது புரிந்திருக்க வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போது அந்த அம்மாவின் தோளைப் பிடித்துச் சொன்னார்: "தாயி, முள்ளு குத்தும், காத்துப் போகும். இந்தா இருக்கான், ஒட்டிக் குடுப்பான். நீ மட்டும் அந்த வால்வுத் திருகுல கை வச்சிராத. பயமா இருந்தா பின்னால நடந்து போ. பேசிக்கிட்டே போ."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி சரி என்று தலையாட்டினார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கட்டி டயர் போட்டது சரியா தப்பா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை மாப்ளே. உனக்கு இரண்டு வருசத்துக் காலைகளைக் கொடுத்ததும் அதுதான், உன் தோலை உடைத்ததும் அதுதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட என்னால் முடியவில்லை. அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன். இப்போதும் மூன்று சக்கர வண்டிக்குக் கட்டி டயர் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். காரியாபட்டியிலிருந்துகூட ஒருவர் வந்தார். மாட்டிக் கொடுக்கிறேன். ஆனால் நெம்பியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுவிடுகிறேன்: "ஒடம்புல எங்கயாச்சும் புண்ணு இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க." பஞ்சர் ஒட்டுகிறவன் இதை ஏன் கேட்கிறான் என்று சிலர் முறைப்பார்கள். முறைத்தாலும் பதில் வரும்வரை நான் சக்கரத்தைத் தொடுவதில்லை.